ஐவர் கூடி ஆராயும் வயற்பள்ளி

சென்னை நகரில் கூவம் நதியின் வளைவை ஒட்டி அமைந்த சிந்தாதிரிப்பேட்டையில் இன்று ஒரு காணி நன்செய்யும் இல்லை. ஆயினும் விவசாயிகள் கருதத்தக்க விஷயம் ஒன்று அவ்வூரின் பூர்வ சரித்திரத்தில் அடங்கியிருக்கிறது. 1734-ஆம் வருஷத்தில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர், சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாக இருந்த அந்த நிலத்தைக் கும்பினியின் துணி வியாபாரத்திற்கு உதவும்பொருட்டு நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோர் குடியிருக்கும் ஊராக ஏற்படுத்தினார். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர்.

நெசவாளர் தெருக்களைப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். தெரு நெடுக நூலை நீட்டிக் கஞ்சியிட்டுப் பாவாற்றும் வேலை ஒருவரால் ஆவதன்று. ஒரு முனையில் நிற்பவருக்கு மறு முனையில் அறுந்த இழை தெரியாது. நடுவில் நிற்பவர் சொன்னால்தான் தெரியும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஆதலின் வயதில் இளையவன் கண்டாலும் உடனே சொல்லுகிறான்; மூத்தவர் கோபியாமல் கேட்கிறார். பேச்செல்லாம் இழையைப் பற்றியதேயன்றிப் பேசுகிறவனைப் பற்றியதன்று. கூடிப் பேசுவது எவ்வாறு என்று அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தியதில்லை. நூலே அதனைக் கற்பித்தது.

விவசாயியின் நிலைமை வேறு. அவரவர் வயல் அவரவருக்கு. வரப்பு நடுவே இருக்கிறது. பலர் ஒன்று கூடுவதோ பெரும்பாலும் கூட்டம் போடும்பொழுதுதான். அங்கே மேடை ஒன்றும் நாற்காலிகளும் இருக்கும், உத்தியோகஸ்தர் பேசுவார், ஊரில் பெரிய நிலமுடையவர் இரண்டொரு கேள்வி கேட்பார், மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். சிந்தாதிரிப்பேட்டைக்குச் சிறிது தூரத்திலுள்ள சேப்பாக்கத்தில்தான் விவசாய இலாகாவின் தலைமைக் காரியாலயம் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட யோசனைகள் நெடுங்காலம் இம்முறையிலேயே கிராமங்களை அடைந்து வந்தன. 1980-களில் நடந்த பயிற்சி மற்றும் பார்வையிடும் திட்டத்தில் இம்முறை மிகவும் ஒழுங்கு பெற்றது. பதினைந்து நாளுக்கொருமுறை உத்தியோகஸ்தர் பயிற்சி பெறுவார். பிறகு குறித்த நாளில் குறித்த கிராமத்தில், தொடர்பு விவசாயி என்று தெரிந்தெடுத்த சிலரைக் கண்டு செய்தியைச் சொல்லுவார். அவர்கள் அண்டை அயலாருக்குச் சொல்லுவார்கள் என்பது ஏற்பாடு. நல்ல விதை, உர அளவு, நடவு இடைவெளி போன்றவற்றைப் பரப்புவதற்கு இது தக்க உபாயமாகவே இருந்தது. ஆனால் செய்தியாகச் சொல்லி முடிக்க இயலாத சங்கடங்களும் பயிர்த்தொழிலில் உண்டு. அவற்றுள் ஒன்று புகையான்.

புகையானைப் பற்றி நெல் விவசாயிகளுக்கு விவரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. தூரின் அடியில் நீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் இப்பூச்சியால் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து போகிறது. கேரளத்தில் 1973-74-இல் உண்டான சேதம் பெரியது. இந்தோனேஷியாவில் 1970-களின் பிற்பகுதியிலும் மறுபடி 1985-86-இலும் விளைந்த நஷ்டம் அந்நாட்டு அரசாங்கத்தையே கலங்கச் செய்தது. ஆச்சரியம் என்னவெனில், மருந்து அதிகம் தெளித்த இடங்களிலேயே பூச்சி அதிகமாயிற்று. பிலிப்பைன்ஸ் தேசத்து நெல் வயல்களில் பீட்டர் கென்மோர் என்னும் ஆராய்ச்சியாளர் 1970-களின் இறுதியில் இதன் காரணத்தைத் தெளிவாக்கினார். மருந்து முதலில் கொல்லுவது சிலந்தியையும் நாவாய்ப் பூச்சியையும். புகையானின் முட்டையோ இலையுறையின் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அது பொரித்து வெளிவரும்போது அதனைத் தின்பார் எவருமில்லை.

இந்தோனேஷியா அரசாங்கத்தார் 1986-ஆம் வருஷத்தில் 57 வகை மருந்துகளை நெற்பயிரில் உபயோகிக்கலாகாதென்று தடுத்தனர். மருந்துக்கு அளித்து வந்த மானியத்தையும் 1989-க்குள் நிறுத்திவிட்டனர். உத்தரவு போட்டாயிற்று, ஆனால் தெளிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு வாரமும் தீர்மானிப்பது யார்? தலைநகரிலிருந்து அதனைத் தீர்மானித்தல் இயலாது. இந்தக் கேள்விக்கு விடையாகவே உழவர் வயல்வெளிப் பள்ளி பிறந்தது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு, 1989-இல் ஜாவாத் தீவின் நடுப்பகுதியில் முதற் பள்ளிகள் நடந்தன. பத்தாண்டுகளில் அத்தேசத்தில் சுமார் 10 லட்சம் விவசாயிகள் இப்பள்ளிகளில் பயின்றனர். இந்தியாவில் 1990-களின் நடுவிலிருந்து, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களிலுள்ள மத்திய ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாக நிலையங்களின் மூலமாகவும் மாகாண இலாகாக்களின் மூலமாகவும் இவை பரவின.

இப்பள்ளிக்குக் கட்டடம் இல்லை; புஸ்தகம் இல்லை. நெற்பயிரே பாடம். நாற்று நட்டது முதல் கதிர் முற்றும் வரையில் வாரம் ஒரு நாள் காலை வேளையில் 25 முதல் 30 பேர் ஒரு வயலருகே கூடுவர். வயலில் ஒரு பாகம் வழக்கம்போல் பயிரிடப்படும். மற்றொரு பாகம் கூட்டத்தார் கலந்து முடிவு செய்தபடி பயிரிடப்படும். வந்தவர்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குவர். ஒவ்வொரு குழுவும் வயலின் குறுக்காக நடந்து பத்துக் குத்துகளைப் பார்க்கும். தூர் எத்தனை, இலை நிறம் என்ன, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, களை உண்டா, அடித்தண்டில் என்ன இருக்கிறது, இலை நுனியில் என்ன இருக்கிறது என்று ஒருவர் சொல்ல ஒருவர் குறித்துக் கொள்வார். தெரியாத பூச்சியைப் பிடித்துப் புட்டியில் இடுவார்கள்.

பிறகு மரநிழலில் அமர்ந்து, பெரிய தாள் ஒன்றில் மெழுகு வண்ணக் குச்சிகளால் அன்று கண்டதைப் படமாக வரைவர். நடுவில் நெற்பயிர், அன்றைய உயரத்தோடும் தூர்களோடும். ஒரு பக்கம் பயிரைத் தின்பவை, மற்றொரு பக்கம் அவற்றைத் தின்பவை. மேலே வெயிலோ மேகமோ. கீழே தண்ணீரின் அளவு. படம் எதற்கு, எழுதினால் ஆகாதா என்று ஆரம்பத்தில் பலர் நகைப்பதுண்டு. ஆனால் எழுத்து என்றவுடன் தாள் எழுதத் தெரிந்தவர் கைக்குப் போய்விடுகிறது. மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுகின்றனர். படமாயின் ஐவரும் குனிந்து பார்க்கின்றனர். பூச்சியின் பெயர் தெரியாதவர்கூட அது இருந்த இடத்தைச் சுட்டிக் காட்டி, அங்கே வரை என்று சொல்ல முடிகிறது. களையெடுக்கும் பெண்மணி ஒருவர், அது பச்சையன்று, பழுப்பு என்று திருத்துவதற்கும் இடமிருக்கிறது.

அதன்பின் குழுவில் ஒருவர் எழுந்து நின்று படத்தை எல்லோருக்கும் விளக்கித் தம் குழுவின் முடிவையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். மற்றக் குழுவினர் கேள்வி கேட்பார்கள். இவ்வாரம் விளக்கியவர் அடுத்த வாரம் விளக்கக்கூடாது. முறை மாறி வர வேண்டும். இந்தச் சிறிய விதியே பள்ளியின் உயிர் என்று கருதலாம். தம் முறை வரப்போகிறது என்று அறிந்தவர், மற்றவர் சொல்வதைக் கவனமாகக் கேட்கத் தொடங்குகிறார்.

இவ்விடத்தில் இலாகா உத்தியோகஸ்தர் செய்வது யாது? அவர் விடை சொல்லுவதில்லை. இது என்ன பூச்சி என்று ஒருவர் கேட்டால், எங்கே கண்டீர், அடித்தண்டிலா இலையிலா, என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை இருந்தன, அருகில் வேறு என்ன இருந்தது என்று திரும்பக் கேட்பார். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எளிதன்று. பல வருஷம் செய்தி சொல்லியே பழகியவர்களுக்கு இது மிகக் கடினமான பயிற்சி. விடையளிப்பதற்காகவே சம்பளம் பெறுகிறோம் என்று எண்ணுபவருக்கு இது கடமை தவறுவதாகக்கூடத் தோன்றும். ஆனால் அவர் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. பெயருக்கு அடுத்தபடி மருந்தின் பெயரைத்தான் கேட்பார்கள். அவர் கேள்வியைத் திருப்பிக் கொடுத்தாலோ, அந்தக் குழு பூச்சியைப் புட்டியில் இட்டு, ஒரு சிலந்தியையும் உடன் விட்டு, வலைத்துணியால் வாயைக் கட்டி, மறு வாரம் வரையில் பார்த்து வருகிறது. ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 வரை பூச்சிகளைத் தின்னும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எழுதியிருக்கின்றனர். அதனைப் படித்தவர் மறந்துவிடலாம். புட்டியில் கண்டவர் மறப்பதில்லை.

கலந்து பேசுவதால் உண்டாகும் அனுகூலத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் கணக்குப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் காணப்பட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின் தூருக்கு இரண்டு வரையில் பொறுத்திருக்கலாம். ஒரு குழு பத்துக் குத்துகளில் 150 தூர்களைப் பார்த்து 180 புகையான்களை எண்ணியது என்று வைத்துக்கொள்வோம். தூருக்கு ஒன்றுக்கு மேலாகிறது. எண்ணியவர் இன்றே தெளிக்க வேண்டும் என்கிறார். குழுவில் மற்றொருவர் அதே குத்துகளில் 12 சிலந்திகளைக் கண்டிருக்கிறார். ஆனால் அவர் கூலிக்கு வந்தவர், தாமாகப் பேசுவதில்லை. மூன்றாமவர் நான்கு நாளைக்கு முன்தான் யூரியா இட்டிருக்கிறார்; அதனை எவரும் கேட்கவில்லை. நான்காமவருக்கு மேலண்டை வயலில் சென்ற வாரம் மருந்து தெளித்தது தெரியும். ஐந்தாமவர் வாய்க்காலில் தண்ணீர் இன்னும் மூன்று நாள் வராது என்பதை அறிவார்.

ஐவரும் பேசினால் முடிவே வேறாகிறது. சிலந்தி குத்துக்கு ஒன்றுக்கு மேல் இருப்பதால் பொறுக்கலாம். யூரியாவை மேற்கொண்டு இடாமல் நிறுத்தலாம். தண்ணீர் வராத மூன்று நாளையே அனுகூலமாகக் கொண்டு வயலை வடிக்கலாம். மேலண்டை வயலில் இயற்கைச் சத்துருக்கள் அழிந்திருக்குமாதலின் அந்தப் பக்கத்து வரப்போரத்தை மட்டும் இரண்டு நாளில் மறுபடி பார்க்கலாம். ஒருவர் மாத்திரம் பேசியிருந்தால் அன்று மாலையே தெளிப்பான் தோளில் ஏறியிருக்கும். இந்த ஐவரில் எவருக்கும் முழு விஷயமும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரியும். ஐந்து துண்டுகளும் ஒரே தாளில் வந்து சேருவதற்கு வழி வேண்டும்.

இத்தகைய நிலையைப் பற்றி மேல்நாட்டில் செய்த பரீட்சைகள் இரண்டு இங்கே கூறத்தக்கவை. அமெரிக்காவில் ஹரால்ட் லீவிட் என்பவர் 1951-இல் வெளியிட்ட பரீட்சையில், ஐந்து பேரை ஒரு வட்ட மேஜையைச் சுற்றி, ஒருவரையொருவர் காணாதபடி தடுப்பு வைத்து உட்கார வைத்தார். ஒவ்வொருவர் கையிலும் சில குறிகள் எழுதிய சீட்டு ஒன்று. எல்லோருடைய சீட்டிலும் பொதுவாக உள்ள குறி எது என்று, துண்டுக் காகிதம் அனுப்பியே கண்டுபிடிக்க வேண்டும். சில குழுக்களில் நால்வரும் நடுவிலுள்ள ஒருவருக்கு மாத்திரமே எழுதலாம். வேறு சில குழுக்களில் அவரவர் இரு பக்கத்தாருக்கும் எழுதலாம். நடுவில் ஒருவர் இருந்த குழு, குறைந்த காகிதங்களோடு விரைவில் விடை கண்டது. ஆனால் ஓரத்திலிருந்த நால்வருக்கும் வேலையில் திருப்தி இல்லை. வட்டமாகப் பேசிக்கொண்டவர்கள் அதிகக் காகிதம் செலவிட்டனர், பிழையும் செய்தனர். ஆயினும் தங்கள் வேலையில் அதிகத் திருப்தி அடைந்தவர்கள் அவர்களே. பின்னர் மார்வின் ஷா முதலியோர் செய்த பரீட்சைகளில், எளிய விஷயத்திற்கு நடுநாயகர் முறையும், சிக்கலான விஷயத்திற்கு வட்ட முறையும் ஏற்றவை என்று காணப்பட்டது.

கிராமாதிகாரிகள் இதனை நன்கு கருத வேண்டும். மதகு எந்தத் தேதியில் திறக்கப்படும் என்பது எளிய விஷயம்; ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டால் போதும். அதற்கு வட்டமாக உட்கார்ந்து பேசுவது வீண் காலக்ஷேபம். ஆனால் இந்த வயலில் பூச்சி பெருகுகிறதா குறைகிறதா என்பது அவ்விதமன்று.

இரண்டாவது பரீட்சை இன்னும் முக்கியமானது. 1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்னும் இருவர், நான்கு நான்கு பேரடங்கிய குழுக்களிடம், மூன்று அபேக்ஷகர்களில் ஒருவரைத் தெரிந்தெடுக்கும்படி சொன்னார்கள். சில விவரங்கள் நால்வருக்கும் தெரியும்; சில விவரங்கள் ஒவ்வொருவருக்கு மாத்திரம் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவரே சிறந்தவர் என்பது வெளிப்படை. எனினும் பெரும்பாலான குழுக்கள் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. காரணம், நால்வருக்கும் முன்பே தெரிந்ததைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வரவில்லை. அங்கே ஜாதி வித்தியாசமோ, நிலமுடையவர் கூலியாள் என்ற வித்தியாசமோ இல்லை. எல்லோரும் ஒத்த நிலையிலுள்ள மாணவர்கள். அவர்களுக்குள்ளேயே இவ்விதமாயின், நம் கிராமத்தில் மிராசுதாரின் முன்னிலையில் அவர் வயலில் நடவு நடும் பெண் ஒருத்தி, தான் கண்ட பூச்சியைப் பற்றி அவர் சொன்னதற்கு மாறாகச் சொல்வது எவ்வளவு அரிது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். ஆனால் தினந்தோறும் பயிரின் அடியைக் குனிந்து பார்ப்பவள் அவளே. வரப்பின்மீது நின்று பார்ப்பவருக்குத் தெரிவது இலையின் மேற்பரப்பு மாத்திரமே.

ஆகவே பெரிய நிலமுடையவர் ஒருவர் வயற்பள்ளியில் சேரும்போது அவர் கற்க வேண்டிய முதற் பாடம் பூச்சிகளின் பெயரன்று. தாம் கடைசியாகப் பேசுவது. முதலில் அவர் அபிப்பிராயம் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் ஆமோதிப்பே. ஐவருள் ஒவ்வொருவரும் தாம் கண்டதை முதலில் ஒரு முறை சொல்லி முடித்த பின்பே விவாதம் தொடங்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டால், எவருக்கும் மரியாதைக் குறைவு ஏற்படாமலே காரியம் நடக்கும். இன்ன மருந்து தெளிக்கலாம் என்று அபிப்பிராயத்தைக் கேட்பதைவிட, இன்று என்ன கண்டீர் என்று கேட்பது நலம். கண்டதைச் சொல்லுவது எதிர்த்துப் பேசுவதாகாது.

குழுவின் தொகை ஏன் ஐந்து? ஐவருக்கு மேற்பட்டால் இருவர் தனியே பேசிக்கொள்ள, ஒருவர் ஒதுங்கிவிடுகிறார். பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் வருஷங்களில் பொறித்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலும், சம்வத்ஸர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவரைக் குறித்தவர்கள், ஏரி வாரியத்திற்கு அறுவரையே குறித்திருக்கின்றனர். அவர்களைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் விதமும், வயதும், யோக்கியதாம்சங்களும் கல்லில் விரிவாக இருக்கின்றன. தெரிந்தெடுக்கப்பட்ட அறுவரும் ஏரிக்கரையில் அமர்ந்து எவ்வாறு பேசினர் என்பது மட்டும் அங்கே இல்லை. வயற்பள்ளியிலும் ஓலைக்கு ஒத்த ஒன்று உண்டு. பள்ளி தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் வயலில் ஆங்காங்கே பூச்சியையோ நோயுற்ற இலையையோ வைத்து, ஒரு கேள்வியும் மூன்று விடைப் பெட்டிகளும் அமைத்து, ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று தோன்றும் பெட்டியில் சீட்டு இடுவர். எழுதத் தெரியாதவரும் இதில் பரீட்சை கொடுக்கலாம்.

இம்முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தோனேஷியாவில் 1991 முதல் 1999 வரையிலான விவரங்களைக் கொண்டு ஃபெடர் முதலிய மூவர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பள்ளியில் பயின்றவர்களுக்கோ அவர்கள் அண்டையிலுள்ளவர்களுக்கோ, விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. இலங்கையின் தென் பகுதியில் நடந்து 2005-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், பயின்றவர்கள் மருந்தை நன்றாகவே குறைத்திருந்தனர்; ஆனால் அவர்களிடமிருந்து அயலாருக்கு அந்த அறிவு பரவியதாகக் காணோம். 30 பேருக்காக ஒரு பருவம் முழுவதும் ஓர் உத்தியோகஸ்தர் வாரந்தோறும் வருவதென்றால் செலவு அதிகம் என்ற ஆக்ஷேபமும் உண்டு.

பரவவில்லை என்பதில் வியப்பில்லை. விதையின் பெயரையும் உரத்தின் அளவையும் டீக்கடையில் சொல்லிவிடலாம். பத்துக் குத்தைப் பார்த்து, நாலு பேர் சொன்னதைக் கேட்டு, தம் முதல் எண்ணத்தை மாற்றிக்கொண்ட அநுபவத்தை எவ்விதம் சொல்லுவது? சொன்னாலும் கேட்பவருக்குக் கிடைப்பது, அவர் மருந்து தெளிக்கவில்லையாம் என்ற ஒரு வார்த்தையே. அதனை நம்பித் தாமும் தெளிக்காமல் விட்டு, தம் வயலில் சிலந்தி இல்லாமையால் நஷ்டமடைந்தவர் இருந்தால் அது கேட்டவரின் குற்றமன்று. ஆதலின் அக்கம்பக்கத்து வயற்காரர்கள் ஒரே பள்ளியில் சேருவது நலம். புகையான் வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. ஊரின் நாலு மூலையிலிருந்தும் ஒருவர் ஒருவராகச் சேர்ப்பதைக் காட்டிலும், ஒரே மடையில் பாயும் முப்பது பேரைச் சேர்ப்பதால் பலன் அதிகம் உண்டாகும்.

பூச்சிக்காகப் பழகிய பேச்சு பிற காரியங்களுக்கும் உதவுகிறது. தமிழ்நாட்டில் 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 சிறு குறு விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் ஆர்வலர் குழுவாகவும், அத்தகைய ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேரடங்கிய உழவர் உற்பத்தியாளர் குழுவாகவும் அமைக்கப்பட்டன. ஒவ்வோர் உற்பத்தியாளர் குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி அளிக்கப்பட்டது. அதனைக் கொண்டு பொதுவில் இயந்திரம் வாங்கலாம். இங்கேதான் சங்கடம். டிராக்டரா, நடவு இயந்திரமா, களை எடுக்கும் கருவியா? எதை வாங்கினாலும், மழை கண்டவுடன் நூறு பேரும் ஒரே நாளில் கேட்பார்கள். யாருடைய வயலுக்கு முதலில் போவது? வாடகை எவ்வளவு? பழுதானால் பணம் யார் தருவது? இவற்றை நூறு பேர் கூடிய கூட்டத்தில் எழுப்பினால் உரத்த குரல் உடையவரின் வயலுக்கே இயந்திரம் முதலில் போகும். வயலைப் பார்த்ததுபோலவே இதனையும் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, அவரவர் நிலத்தின் அளவு, நடவு தேதி, வாய்க்கால் முறை இவற்றைத் தாளில் வரைந்து முன்வைத்தால், கீழ்மடையார் எட்டு நாள் பிந்தி நடுவது கண்ணுக்குத் தெரியும். வரிசை தானாகவே அமையும். தீர்மானப் புஸ்தகத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இந்தப் படம் ஒன்றை வரைந்து பார்க்கும்படி கிராம நிர்வாக அலுவலர்களும் சங்கத் தலைவர்களும் ஏற்பாடு செய்வார்களாயின், பிற்பாடு வரும் வழக்குகள் சில குறையும்.

சம்பா நடவு முடிந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் பள்ளியைத் தொடங்குதல் உத்தமம். வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. பெரிய தாள்கள், வண்ணக் குச்சிகள், நாலைந்து கண்ணாடிப் புட்டிகள், வலைத்துணி, பூச்சி பிடிக்கும் வலை ஒன்று. தென்னை ஓலைப் பாய் விரித்துத் தரையில் உட்காருவது நலம். நாற்காலி ஒன்று வந்தால் அதில் அமர்பவர் தலைவராகிவிடுகிறார். அந்தந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரைக் கண்டு, ஒரே மடையைச் சேர்ந்த 25 முதல் 30 பேரின் பெயரை, நடவு வேலையிலும் களை வேலையிலும் ஈடுபடும் பெண்களையும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம். வாரந்தோறும் வரைந்த படங்களை எறிந்துவிடாமல் தேதியிட்டுப் பம்ப்செட் அறையின் சுவரிலோ சாவடியிலோ வரிசையாக மாட்டி வைக்க வேண்டும். ஏழாம் வாரத்தில் பூச்சியைக் கண்டு ஒருவர் பதறும்போது, மூன்றாம் வாரத்துப் படத்தில் அதே பூச்சி எத்தனை இருந்தது, அதன் எதிரில் சிலந்தி எத்தனை இருந்தது என்று மற்றொருவர் எழுந்து போய்ப் பார்த்து வந்து சொல்லலாம்.